ஐந்து பிரதிகளில் ஒரு பாலம்

மனு எழுதுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. இப்போதும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறேன். சிதம்பரத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிர் வரிசையில் ஒரு ஜெராக்ஸ் கடை. அதில் ஓரமாக ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் நான். இரண்டாயிரத்து நாலில் வேலைக்குச் சேர்ந்தேன். பட்டா, சாதிச் சான்று, குடும்ப அட்டை, முதியோர் உதவித்தொகை என்று எது வேண்டுமென்றாலும் ஆட்கள் படியேறி வருவார்கள். அவர்கள் 'ஏம்மா' என்று வாயெடுக்கும்போதே என் விரல்கள் தட்டத் தொடங்கிவிடும். பாதிக் கதையைச் சொல்வதற்குள் முழு மனுவும் பிரிண்டாகி அவர்கள் கையில் இருக்கும்.

அப்போதெல்லாம் என் மனுவுக்கென்று ஒரு பக்குவம் உண்டு. முதல் பத்தியில் வறுமை, இரண்டாம் பத்தியில் கண்ணீர், மூன்றாம் பத்தியில் கோரிக்கை, கடைசியில் 'தாங்கள் கருணை கூர்ந்து'. மனு கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் 'ஆதரவற்ற' என்று ஒரு சொல் சேர்ப்பேன். குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரிதான், யாரையும் கேட்டுக்கொண்டு போடுவதில்லை. அதுவரை ஒருவரும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. ஏனென்றால் ஒருவரும் அதைப் படித்ததில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு எதிர் வரிசைக்கு ஓடுவார்கள்.

அந்தச் சொல்தான் என் சொந்தத் தெருவிலேயே என்னைத் தலைகுனிய வைத்தது.

எங்கள் தெரு குமராட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாற்பது வீடு. பாதிப் பேர் அம்மன் கோயில், பாதிப் பேர் மாதா கோயில். ஆனால் நடவுக்கும் அறுப்புக்கும் எல்லாரும் ஒரே வயலில்தான் இறங்குவார்கள். தெருவுக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பெரிய பள்ளிக்கூடம், ரேஷன் கடை, சுடுகாடு, கல்லறை, மினி பஸ் நிற்கும் இடம் எல்லாமே ஊர்ப் பக்கம். எங்கள் பக்கத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் ஒரு பள்ளி, அவ்வளவுதான். வாய்க்கால் மேல் இரண்டு பனைமரத்தைத் தறித்துப் போட்டிருந்தோம். அதைத்தான் பாலம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மட்டும் அதில் கால் வைக்க மாட்டார்கள். மதகு வழியாக நாலு கிலோமீட்டர் சுற்றி வேனில் வந்து கும்பிட்டுவிட்டு அதே வழியில் திரும்பிப் போவார்கள்.

என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு அக்கா. சொந்தமில்லை, ஆனால் சொந்தத்தைவிட ஜாஸ்தி. அவளுக்கு ஒரே பெண், ஊர்ப் பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்து ஆறு கார்த்திகையில் நல்ல மழை. பள்ளி விட்டு வரும்போது பனைமரம் வழுக்கி அந்தப் பெண் வாய்க்காலில் விழுந்துவிட்டாள். கரையோர நாணலைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். மாடு ஓட்டி வந்தவர் இழுத்துப் போட்டார். பையும் புத்தகமும் தண்ணீரோடு போய்விட்டன. அன்றைக்கே அவள் அப்பா முடிவு சொல்லிவிட்டார்.

"எட்டு முடிக்கட்டும். அதுக்கப்புறம் அந்த மரத்து மேல எம் பொண்ணு கால வைக்கக் கூடாது."

அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசாதவர். பேசினால் மாற்ற மாட்டார். அக்கா அழுதாள், பெண் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள், நான் போய் எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் பேசினேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் ஒன்று சொன்னார்.

"பாலம் கட்டித் தரோம்னு அரசாங்கத்துல எழுதிக்கட்டும். அப்ப அனுப்புறேன், போ."

நடக்காது என்ற நம்பிக்கையில் சொன்ன வார்த்தைதான். ஆனால் எழுத்து வேலை என்றால் என்னிடம் அல்லவா வரவேண்டும்? மனதுக்குள் அப்போதே பாலத்தைக் கட்டி முடித்துவிட்டேன்.

தை கழிந்ததும் பேப்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. சட்டமன்றத்தின் மனுக் குழு கடலூருக்கு வரப்போகிறது, பொதுமக்கள் மனு அனுப்பலாம், ஐந்து பிரதிகள் அனுப்ப வேண்டும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் நிறைய இருந்தது. ஐந்து பிரதி என்பதை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டேன். மனு எப்படி எழுத வேண்டும் என்று எனக்கே சொல்லித்தர வந்துவிட்டார்களா என்று ஒரு திமிர்.

அன்றைக்கே அக்கா பேரில் ஒரு மனு அடித்தேன். இன்றுவரை நான் எழுதியதிலேயே உருக்கமான மனு அதுதான். மாலையில் வீட்டுக்கு எடுத்து வந்து அடுப்படியில் நின்றபடியே அவளிடம் கையெழுத்து வாங்கினேன். "பாலத்துக்குத்தானே?" என்று கேட்டாள். "பாலத்துக்குத்தான்க்கா" என்றேன். ஐந்து பிரதியைச் சென்னைக்கு அனுப்பினேன். பழக்க தோஷத்தில் அடியில் 'நகல்: வட்டாட்சியர்' என்றும் போட்டிருந்தேன். ஆகவே ஒரு நகலைத் தாலுகா ஆபீசிலும் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், நான் மினி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, வி.ஏ.ஓ. எங்கள் தெருவுக்கு வந்தார். வண்டியை அந்தக் கரையில் நிறுத்திவிட்டுப் பனைமரத்தின் மேல் கையை விரித்துக்கொண்டு நடந்து வந்தார். வாய்க்கால் காய்ந்து கிடந்த மாதம்தான், இருந்தாலும் பயந்தார். நேராக அக்கா வீட்டு வாசலுக்குப் போனார். மாமா அங்கே உட்கார்ந்து அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த வீட்ல ஆதரவற்ற பெண்மணி யாருங்க?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். "இன்னாது?"

வி.ஏ.ஓ. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து அக்கா பெயரைச் சொன்னார். "மனு குடுத்திருக்காங்க. மூணு வேளை சோத்துக்கு வழியில்ல, ஆதரிக்க யாரும் இல்லன்னு. உதவித்தொகைக்கு விசாரிக்க வந்தேன். அவங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரா, விட்டுட்டுப் போயிட்டாரா?"

"தோ, உக்காந்திருக்கேன்" என்றார் மாமா.

உள்ளே உலை கொதிக்கிற சத்தம் வெளியே கேட்டது. வாசலில் இரண்டு ஆடு கட்டியிருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். மாமா முகத்தைப் பார்த்ததும் அடங்கினார்கள். நான் ஓடிப்போய், மனு எழுதியது நான்தான், அது பாலத்துக்கான மனு, மூன்றாம் பத்தியைப் பாருங்கள் என்றேன். வி.ஏ.ஓ. நல்ல மனுஷன். மூன்றாம் பத்தி வரைக்கும் படித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, இதையேவா மனுக் குழுவுக்கும் அனுப்பின? தனி ஆளோட குறைய அவுங்க எடுக்க மாட்டாங்களே. பொதுப் பிரச்சினையா இருக்கணும், ஒரு மனுவுக்கு ஒரு பிரச்சினைதான் இருக்கணும். பேப்பர்லயே போட்டிருந்தாங்களே, படிக்கலையா?"

படிக்காதவள் என்று யாரும் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. வி.ஏ.ஓ. போன பிறகு மாமா அரிவாளைக் கூரையில் செருகினார். என்னைப் பார்க்காமல் அக்காவிடம் சொன்னார், "பொண்ணு படிச்சதும் போதும், இவ எழுதினதும் போதும்."

அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எனக்கு இன்னா இல்லன்னு நீ எழுதின?"

"பாலம் வரணும்னுதான்க்கா. கஷ்டத்தச் சொன்னாத்தான் அவுங்க படிப்பாங்க."

"கஷ்டம் இருக்குது, சொல்லு. இல்லாத கஷ்டத்த ஏன் சொல்ற? எம் புருஷன் உசுரோட இருக்கையில என்னைய யாருமில்லாதவன்னு எழுதி, எங்கிட்டயே கையெழுத்து வாங்கியிருக்க." வாசல் வரை போய்த் திரும்பினாள். பிறகு, "அந்த மரத்து மேல நான் மட்டுமா நடக்குறேன்? தெருவே நடக்குது. எனக்கு மட்டும் எதுக்குடி கேட்ட?" என்றாள்.

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக ஒரு பயம், என் கெட்டிக்காரத்தனத்தால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுபோகும் என்று. அன்று வேலைக்குப் போனதும் முதல் காரியமாகப் பழைய பேப்பர் கட்டிலிருந்து அந்த அறிவிப்பைத் தேடி எடுத்தேன். பொடி எழுத்தை எழுத்துக்கூட்டுகிறவள் மாதிரி மெதுவாகப் படித்தேன். வி.ஏ.ஓ. சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. மனு அனுப்பக் கடைசி நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆறு நாள் எனக்குத் தாராளம்.

அன்று மாலையே தண்ணீர் டேங்க் அடியில் தெரு ஆட்களைக் கூட்டினேன். வருவார்களா என்று நினைத்தேன், வி.ஏ.ஓ. கதையைக் கேட்டுச் சிரிப்பதற்காகவே எல்லாரும் வந்துவிட்டார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, ஒரு மனுவில் ஒன்றுதான் கேட்க முடியும், எதைக் கேட்கலாம் என்று கேட்டேன்.

ஒருவர் தெருவிளக்கு என்றார். ஒருத்தி ரேஷன் கடையை இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டும் என்றாள். சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும் என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள். கல்லறைக்கு மட்டும் பாதை வேண்டாமா என்று மாதா கோயில்காரர்கள் எழுந்தார்கள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. போன வருஷத்துச் சண்டை, அதற்கு முந்தைய வருஷத்துச் சண்டை எல்லாம் வந்து போனது. கடைசியில், போன மழையில் மாமியாரைப் பறிகொடுத்த ஒருத்தி சொன்னாள்.

"பொணத்தத் தூக்கிக்கிட்டு அந்த மரத்து மேல நாலு பேரு எப்படிப் போனாங்கன்னு எனக்குத்தான் தெரியும். பாலத்த மொதல்ல கேளுங்க. மத்தது எல்லாம் அது மேலதான் வரணும்."

கை தூக்கச் சொன்னேன். பாலம்தான் ஜெயித்தது. தெருவிளக்குக்காரர் மட்டும் கோபித்துக்கொண்டு போய்விட்டார், மறுநாள் காலையில் தானாகவே வந்து கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் எழுதினேன். இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்துக்காட்டினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு கஷ்டத்தை நான் பட்டதில்லை. 'கருணை கூர்ந்து' என்றதும் அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். "அத எடு." எடுத்தால் அதிகாரிகள் கோபித்துக்கொள்வார்கள் என்றார் ஒரு பெரியவர். "கோச்சிக்கிட்டா கோச்சிக்கட்டும், நாம இன்னா இனாமாவா கேக்குறோம்?" என்றார் இன்னொருவர். அரைமணி நேரம் அதற்கே போயிற்று. கருணை போனது, 'கேட்டுக்கொள்கிறோம்' நின்றது. ஓட்டுப் போடுகிற பூத்தும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் என்பதைச் சேர்க்கச் சொன்னார் ஒருவர். மிரட்டுகிற மாதிரி இருக்காதா என்று கேட்டேன்.

"இதுல இன்னாம்மா மெரட்டல்? எம்.எல்.ஏ. சட்டசபைக்குப் போனதே நாம அந்த மரத்து மேல நடந்து போய்க் குத்தினதாலதான். நடந்தத எழுது."

எழுதினேன். வாய்க்காலின் அகலம் பதினைந்து அடி என்று படித்தேன்.

"பதினெட்டு" என்றது ஒரு குரல். மாமா. கூட்டத்துக்கு வராமல், வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார். "நான் தூர் வாரின வாய்க்கா. வெயில் காலத்துல பதினெட்டு. ஐப்பசியில கரை ஒடஞ்சி இருபத்தி ரெண்டு ஆவும்."

"ஆழம் மாமா?"

"எங் கழுத்து மட்டும்."

"மதகு வழி?"

"கார்த்திகையில மதகுப் பாதையே தண்ணிக்குள்ள இருக்கும். மூணு வாரத்துக்கு மேல."

ஒவ்வொன்றாகக் கேட்டேன், ஒவ்வொன்றாகச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதினேன். கண்ணீர்ப் பத்தி இருந்த இடத்தில் அவருடைய கணக்குகள் வந்து உட்கார்ந்தன. மனு முடிந்ததும் அவர் கிட்டே வந்தார். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இதுல எம் பொண்டாட்டி இன்னாவா இருக்கா?"

"மொதக் கையெழுத்தா இருக்காங்க மாமா."

பேனாவை வாங்கி அக்கா பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள். வீட்டுக்கு ஒரு கையெழுத்து போதுமே என்று ஆண்கள் நகரப் பார்த்தார்கள். ஓட்டு மட்டும் வீட்டுக்கு ஒன்றா என்று அக்கா கேட்டாள். பெண்களும் வரிசையில் நின்று போட்டார்கள்.

மே மாதக் கடைசியில் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. பள்ளி திறக்க நாலு நாள் இருந்தது. அக்கா, நான், தெருவிலிருந்து இன்னும் மூன்று பேர் கிளம்பினோம். மாமாவும் வந்தார். "சும்மா பாத்துட்டு வரேன்" என்றார். பஸ்ஸில் நான் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன். ஏற்ற இறக்கத்தோடு, நடுவில் குரல் கம்முகிற இடம் எல்லாம் வைத்து நல்ல பேச்சு.

பெரிய ஹால். மேடையில் நீள மேஜைக்குப் பின்னால் எம்.எல்.ஏ.க்கள் உட்கார்ந்திருந்தார்கள். எலெக்‌ஷனில் மைக் வைத்து ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்கிற கட்சிக்காரர்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே கட்டிலிருந்து காகிதம் புரட்டினார்கள். எதிரே எல்லா இலாகா அதிகாரிகளும் ஃபைலோடு இருந்தார்கள். எங்கள் மனு எண்ணைக் கூப்பிட்டதும் நான் எழுந்தேன்.

"முதல் கையெழுத்து யாரு?" என்று கேட்டார் குழுத் தலைவர்.

நான் உட்கார்ந்தேன். அக்கா எழுந்தாள். முதலில் ஓர் அதிகாரி ஃபைலைப் பார்த்து, அந்தக் குடியிருப்புக்கு மதகு வழியாக மாற்றுப் பாதை இருக்கிறது என்றார். தலைவர் எங்கள் மனுவைப் பார்த்தார். "கார்த்திகையில மூணு வாரம் அந்தப் பாதை தண்ணிக்குள்ள இருக்கும்னு எழுதியிருக்காங்களே? நீங்க அந்த மாசத்துல போய்ப் பாத்தீங்களா?" அதிகாரி கோடையில்தான் பார்த்ததாகச் சொன்னார். தலைவர் அக்கா பக்கம் திரும்பினார்.

"சொல்லும்மா, உனக்கு இன்னா வேணும்?"

அழுதுவிடு அக்கா என்று பழைய புத்தி உள்ளே கெஞ்சியது. அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.

"எனக்குத் தனியா ஒண்ணும் வேணாங்க. எங்க தெருவுக்குப் பாலம் வேணும். எந்த மாசம் ஆரம்பிப்பீங்க, எந்த மாசம் முடிப்பீங்கன்னு சொல்லுங்க. நாலு நாள்ல பள்ளிக்கூடம் தொறக்குது, எம் பொண்ணுக்கு நான் பதில் சொல்லணும்."

தலைவர் அதிகாரியிடம், "தேதி கேக்குறாங்க" என்றார். அதிகாரிகள் குனிந்து பேசிக்கொண்டார்கள். மதிப்பீடு இந்த வருஷம் போடுகிறோம், அடுத்த கோடையில் வாய்க்காலில் தண்ணீர் நின்றதும் தொடங்கி, மறுபடி தண்ணீர் திறப்பதற்குள் முடிக்கிறோம் என்றார்கள். தலைவர், "அப்படியே பதிவு பண்ணுங்க" என்றார். ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுதிக்கொண்டார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. என் பேச்சு மடியிலேயே இருந்தது.

பாலம் சொன்னபடி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அந்தக் கோடையில் இல்லை, அதற்கு அடுத்த கோடையில். நடுவில் இரண்டு தடவை, பதிவான வரியைச் சொல்லி நினைவூட்டுக் கடிதம் போட்டோம், இரண்டையும் டேங்க் அடியில் படித்துக்காட்டித்தான் போட்டோம். அந்த இரண்டு மழைக்காலமும் மாமா பனைமரத்துக்கு மேலே கயிறு கட்டி, காலையிலும் மாலையிலும் தெருப் பிள்ளைகள் எல்லாரையும் கை பிடித்துக் கடத்தி விட்டார். கடையில் இன்றைக்கும் நான் மனு எழுதுகிறேன். படித்துக்காட்டாமல் யாரிடமும் கையெழுத்து வாங்குவதில்லை. அதனால் கூட்டம் குறையவில்லை, சண்டைதான் கூடியிருக்கிறது.

ஆனால் கடலூரிலிருந்து திரும்பிய அன்று இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. மூன்று பேர் உட்காரும் சீட்டில் அக்காவும் நானும் உட்கார்ந்திருந்தோம், மாமா எங்களுக்கு முன் சீட்டில். அவர் திரும்பாமலே கேட்டார்.

"அந்த ஓரத்துல இருந்தவரு எழுதிக்கிட்டாரா?"

"எழுதிக்கிட்டாரு மாமா. நான் பாத்தேன்."

தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவாரா என்று கேட்க எங்களுக்குத் தைரியமில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். புவனகிரியில் பஸ் நின்றதும் மாமா விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார். டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். டிரைவர் ஹாரன் அடித்தார், கண்டக்டர் விசில் ஊதினார், மாமாவைக் காணோம். அக்கா எழுந்து, "ஆளு வரணுங்க, ஆளு வரணும்" என்று கத்தினாள். பஸ் நகரத் தொடங்கிய பிறகு ஓடி வந்து படியில் தொற்றினார். மூச்சு வாங்க எங்கள் சீட்டுக்கு வந்து, பேப்பரில் சுற்றிய ஒரு கட்டை அக்கா மடியில் வைத்தார்.

"ஒம்பதாவதுக்கு எத்தினி நோட்டு வேணும்னு தெரியல. ஆறு வாங்கியிருக்கேன்."